மீண்டும் உண்ணக் கற்றல்

விருந்தோம்பலைப் பற்றித் தமிழர் பேசிய அளவுக்கு வேறெந்த நற்குணத்தைப் பற்றியும் பேசியிருப்பார்களோ என்பது ஐயமே. இலையிற் சோறு குறைந்தால் மேலும் இடுவதும், "போதும்" என்று கையை மறித்தால் அந்தக் கையையும் விலக்கிவிட்டு இடுவதும் நம் வீடுகளில் அன்பின் அடையாளங்கள். நோயாளியைப் பார்க்கப் போகும்போதும் நாம் வெறுங்கையோடு போவதில்லை. "நன்றாகச் சாப்பிட்டால்தான் உடம்பு தேறும்" என்பது நமக்கு வேதவாக்கு. திருவள்ளுவரோ மருந்து என்ற அதிகாரத்திலே ஒரு மூலிகையின் பெயரைத்தானும் சொன்னாரில்லை. முன் உண்டது செரித்ததை அறிந்து, அளவறிந்து உண்பதைப் பற்றியே அவ்வதிகாரத்தின் பெரும்பகுதியிற் பேசினார்.

ஊட்டுகின்ற அன்பு ஒருபுறம். உண்ண வேண்டிய அளவு மறுபுறம். இவ்விரண்டும் ஒரே வீட்டுக்குள் எதிரெதிராக நிற்க நேரும் நிலையொன்று இக்காலத்தில் உண்டாகியிருக்கிறது. உடற்பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையிற் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர், வீடு திரும்பி மீண்டும் உண்ணப் பழகுங் காலமே அது. முன்பு மேல்நாட்டுச் செய்தியாக மட்டும் நாம் அறிந்திருந்த இச்சிகிச்சை இன்று சென்னையிலும் நடக்கிறது, கொழும்பிலும் நடக்கிறது. சிகிச்சை செய்பவர் கைதேர்ந்த வைத்தியர். அதன்பின் நோயாளியை ஏற்றுக்கொள்வதோ நமது அடுக்களை. அந்த அடுக்களைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கத்தி செய்யும் வேலை

இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டியெடுத்த பின்னரும் மனிதர் உயிர் வாழலாம் என்பதை 1881ஆம் ஆண்டு வியன்னா நகரிலே தியோடர் பில்ரோத் என்னும் சத்திரசிகிச்சை வல்லுநர் நிறுவிக் காட்டினார். அவர் அகற்றியது புற்றுநோய் கண்ட பகுதியை. பிற்காலத்தில் இரைப்பைப் புண்ணுக்காகவும் இவ்வாறு வெட்டினார்கள். வெட்டப்பட்டவர்கள் மெலிந்தே இருந்ததைக் கவனித்த எட்வர்ட் மேசன், அதே வழியைப் பருமன் குறைப்பதற்குப் பயன்படுத்தலாமென்று எண்ணி, 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்திலே இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சையைத் தொடங்கினார்.

இன்று பெருவழக்கில் இருப்பது அதனினும் எளிய முறை. இரைப்பையை நெடுக்காகத் தைத்து வெட்டி, ஏறத்தாழ நாலில் மூன்று பங்கை அகற்றிவிட்டு, வாழைப்பழம் போன்ற ஒடுங்கிய குழாயொன்றை மட்டும் விட்டுவைக்கிறார்கள். அக்குழாய் கொள்ளும் அளவு 100 முதல் 150 மில்லிலீற்றர். அதாவது ஒரு தேநீர்க் கோப்பை. அகற்றப்படும் பகுதியிலேதான் பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பு மிகுதியாக உண்டாகிறது. 1999ஆம் ஆண்டு யப்பானிய அறிஞர்கள் கண்டறிந்த பொருள் அது. ஆகவே சிகிச்சைக்குப் பின்னர் இடமும் குறைகிறது, பசியும் குறைகிறது.

இங்கே ஒன்றை மனத்திற் கொள்ளவேண்டும். நெடுக்காக ஓடும் அந்தத் தையல் புதியது. அது ஆறுவதற்கு முன் கட்டியான உணவு சென்று அடைத்தாலோ, ஓங்கரித்து ஓங்கரித்து வாந்தி எடுத்தாலோ, உள்ளுறுப்பு வருந்தும். வைத்தியர்கள் முதலில் நீர், பின் மசியல், பின் மென்மையான உணவு, கடைசியில் வழக்கமான உணவு என்று படி வகுத்திருப்பது இதனால்தான்.

சல்லியில் நடந்தது

திருகோணமலையிலிருந்து உப்புவெளியைக் கடந்து நிலாவெளி செல்லும் வீதியிலே சாம்பல்தீவு வரும். அங்கே கடற்பக்கமாக இருப்பது சல்லி. மீன்பிடியே அவ்வூரின் வாழ்வு. கரையோரத்திலே குடிகொண்ட முத்துமாரியம்மன் அவ்வூரின் காவல். 2004 மார்கழியிற் கடல் பொங்கி வந்தபோது அடிபட்டு, மீண்டும் எழுந்த கரை அது. கரைவலை இழுத்து முடிந்ததும் கறிக்கு மீன் கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாத மக்கள். என் சகோதரியின் மகள் மணமாகிச் சென்றது அவ்வூருக்கே.

நாற்பது வயதைத் தாண்டியிருந்த அவளுக்கு நீரிழிவும் முழங்கால் வலியும் பருமனாற் பெருகின. கொழும்பிலே ஒரு வைத்தியசாலையிற் சிகிச்சை செய்துகொண்டு, 260 கிலோமீற்றர் பயணம் செய்து வீடு வந்து சேர்ந்தாள். கையிலே உணவு முறை எழுதிய தாள் ஒன்று இருந்தது. முழுவதும் ஆங்கிலம். அதிற் கண்டிருந்த உணவுகளிற் பாதி சல்லியின் கடைகளில் இல்லாதவை. தாள் அலுமாரிக்குள் போயிற்று.

முதல் இரண்டு கிழமையும் அவள் நீராகாரத்தோடு ஒழுங்காகவே இருந்தாள். மூன்றாம் கிழமை கோயிற் பொங்கல் வந்தது. வீடு நிறைய உறவினர். அவளுடைய மாமியாரின் தங்கை, அன்பே உருவான அம்மையார், "இப்படிக் காய்ந்துபோய் இருக்கிறாயே, ஒரு வாய் சாப்பிடு பிள்ளை" என்று பிட்டும் கணவாய்க் கறியும் பிசைந்து கையிலே கொடுத்தார். மறுத்தால் மனம் நோகுமே என்று இவள் உண்டாள். அன்றிரவு தொடங்கியது வாந்தி. மறுநாள் தண்ணீர் குடித்தாலும் வாந்தி. பின்னர் உணவைக் கண்டாலே அச்சம். விற்றமின் மாத்திரைகளும் வாந்தியோடே போயின. "நாவூறு பட்டுவிட்டது" என்று சொல்லி மிளகாய் சுற்றி எரித்தார்கள். களைப்புத் தீரட்டும் என்று சீனி நிறையப் போட்ட தேநீரும் குளுக்கோசுத் தண்ணீரும் கொடுத்தார்கள். எல்லாம் அன்பினாற் செய்தவையே.

ஐந்தாம் கிழமை நான் போய்ப் பார்த்தபோது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "மாமா, கண் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியுது, கால் விறைத்துப்போய்க் கிடக்குது" என்றாள். உடனே வாகனம் பிடித்து நகரத்து வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றோம். அங்கிருந்த இளம் வைத்தியர் கேட்ட முதற் கேள்வி, "இரைப்பையிற் சத்திரசிகிச்சை செய்ததா? எத்தனை நாளாக வாந்தி?" என்பதே. விடை கேட்டதும், குளுக்கோசு ஏற்றுவதற்கு முன்னதாகத் தயமின் என்னும் விற்றமின் பீ ஒன்றை நரம்பு வழியே ஏற்றச் செய்தார். சில நாட்களிற் கண் தெளிந்தது. நடை சீராகப் பல கிழமை சென்றது. இன்னும் சில நாள் பொறுத்திருந்தால், நினைவாற்றல் மீளாமலே போயிருக்கக்கூடும் என்று அவ்வைத்தியர் பின்னர் எனக்கு எடுத்துரைத்தார்.

இலங்கையோடு தொடர்புள்ள ஒரு பழைய நோய்

அவளை வருத்திய நோய் புதியதன்று. பில்ரோத் தமது சிகிச்சையைச் செய்த அதே 1881ஆம் ஆண்டிலே, கார்ல் வேர்னிக்கே என்னும் யேர்மானிய வைத்தியர் கண் தடுமாற்றம், நடைத் தள்ளாட்டம், மனக் குழப்பம் மூன்றும் ஒருங்கே கண்ட நோயாளர் மூவரைப் பற்றி எழுதினார். மூவரில் ஒருத்தி அமிலம் அருந்தியதால் இரைப்பை வடுப்பட்டு, ஓயாமல் வாந்தி எடுத்த இளம்பெண். மூவரும் இறந்தனர். குறைந்துபோனது எந்தச் சத்து என்பது அன்று எவருக்கும் தெரியாது.

அதே சத்துக் குறைவு நரம்பையும் இதயத்தையும் தாக்கும்போது அதற்குப் பெரிபெரி என்று பெயர். "முடியாது, முடியாது" என்று பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து அப்பெயர் உலகெங்கும் பரவியது என்பர். யாவாத் தீவிலே கிறித்தியான் எயிக்மான் தீட்டிய அரிசியைக் கோழிகளுக்கு இட்டு, அவை கால் விளங்காமற் போனதைக் கண்டார். அந்த ஆராய்ச்சிக்காக 1929ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் தீட்டிய பச்சையரிசி உண்ட சீனத் தொழிலாளரைப் பெரிபெரி வாரிக்கொண்டு போனது. அதே நாட்டில் உழைத்த தமிழ்த் தொழிலாளரையோ அது பெரும்பாலும் அணுகவில்லை. அவர்கள் ஊர் வழக்கப்படி புழுங்கலரிசி உண்டதே காரணம். நெல்லை அவிக்கும்போது உமியை ஒட்டிய பகுதியிலுள்ள சத்து அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. எந்தப் பள்ளியிலும் படிக்காத நம் பாட்டிமாரின் நெல் அவிக்கும் பானை, ஓர் இனத்தையே காத்திருக்கிறது.

அப்படியானால் புழுங்கலரிசிக் கஞ்சி இவளைக் காத்திருக்காதா என்று வாசகர் கேட்கலாம். காத்திராது. உடம்பு தயமினைச் சேமித்து வைப்பது இரண்டு மூன்று கிழமைக்கு மட்டுமே. தேநீர்க் கோப்பையளவு வயிற்றிலே, அதுவும் வாந்தி ஓயாத வயிற்றிலே, கஞ்சி என்ன செய்யும்? மேலும், சீனியும் குளுக்கோசும் உடம்பில் எரிவதற்குத் தயமின் வேண்டும். கையிருப்புக் குறைந்த நிலையில் இனிப்பை மேலும் மேலும் கொடுத்தால் இருந்த கொஞ்சமும் செலவாகிவிடும். களைப்புக்கு மருந்தென்று நாம் கொடுத்த குளுக்கோசுத் தண்ணீரே நோயை விரைவுபடுத்தியது. இதனை ஒவ்வொரு வீடும் அறிந்திருத்தல் வேண்டும்.

அடுக்களை மொழியில் ஒரு தாள்

அவள் வீடு திரும்பியதும் அலுமாரிக்குள் இருந்த தாளை எடுத்தோம். நான் வாசித்துப் பொருள் சொன்னேன். அவளுடைய கணவனின் பாட்டியார், எண்பது வயதைக் கடந்த ஆச்சி, அருகே அமர்ந்து கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "இது பிள்ளைப்பெற்றவளுக்குக் கொடுக்கிற பத்தியந்தானே, தம்பி" என்றார். எனக்கு ஒரு கதவு திறந்தாற்போல் இருந்தது.

ஆம், படிப்படியாக உணவுக்குத் திரும்பும் கலை நமக்குப் புதியதன்று. மகப்பேற்றின் பின், முப்பத்தொராம் நாள் துடக்குக் கழியும்வரை, மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி சேர்த்த சரக்குக் கறியும் பாற்சுறாவும் என்று தாய்க்கு அளந்து கொடுக்கும் வழக்கம் நம்முடையது. கந்தசஷ்டியிலே ஆறு நாள் நோன்பிருந்தவர் ஏழாம் நாள் பாறணை செய்கையிற் கண்டதையெல்லாம் உண்பதில்லை. குழந்தைக்குச் சோறு தீற்றும்போதும் முதல்நாளே மீன்முள்ளை எவரும் ஊட்டுவதில்லை. குழந்தை, தாய், நோன்பாளி ஆகிய மூவருக்கும் நாம் காட்டும் பொறுமையை இந்த நான்காமவருக்கும் காட்டினாற் போதும்.

அன்று ஆச்சியும் நானும் தாளைத் தமிழ்ப்படுத்தினோம். பின் அதை வைத்தியரிடம் காட்டி, அவர் திருத்திய வண்ணமே சுவரில் ஒட்டினோம். வைத்தியசாலைக்கு வைத்தியசாலை நாட்கணக்குச் சற்று வேறுபடும். அவரவர் வைத்தியர் சொல்வதே முடிந்த முடிபு. ஆயினும் வரிசை ஒன்றுதான்.

முதல் இரண்டு கிழமை நீராகாரம். வடித்த பருப்புத் தண்ணீர், வடித்த மீன்சாறு, நீர் மோர், கொழுப்பு நீக்கிய சீனியில்லாப் பால். ஒரு மேசைக்கரண்டி 15 மில்லிலீற்றர் கொள்ளும்; மடக்கென்று குடியாமல் இரண்டு கரண்டியைக் கால் மணி நேரத்திற் பருகுவது நலம். நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றர் நீர் இவ்வாறே சிறுகச் சிறுகச் சேரவேண்டும்.

மூன்றாம், நான்காம் கிழமைகளில் மசியல். குழைய அவித்த மைசூர்ப் பருப்பு, தயிர், மசித்த முட்டை, முள் நீக்கி மசித்த விளைமீன். இவற்றை உறைப்பில்லாத தெளிந்த சொதியோடு குழைத்து, குழந்தைக்கு ஊட்டும் பதத்திற் கொடுக்கலாம். சாளை, கீரி போன்ற முள் மிகுந்த மீன்கள் வேண்டா.

ஐந்தாம், ஆறாம் கிழமைகளில் மென்மையான உணவு. அவித்த முட்டை, கையால் உதிர்க்கக்கூடிய மீன், பூசணி, நன்கு அவிந்த பசளிக் கீரை. அதன் பின்னரே குழைந்த சோறு, அதுவும் இரண்டொரு கரண்டி. பிட்டு, உரொட்டி, பாண், கணவாய், ஆட்டிறைச்சி, நார்க் காய்கறி ஆகியவை கடைசிப் படியிலுள்ளவை. பாணும் பிட்டும் ஈரத்தில் ஊறிக் கட்டியாகி ஒடுங்கிய குழாயை அடைக்கக் கூடியவை. கணவாயோ எவ்வளவு மென்றாலும் இறப்பர்போல நிற்கும்.

புதிய உணவைத் தொடங்கும்போது ஒன்றொன்றாகவே தொடங்க வேண்டும். ஒரு நாளில் ஒன்று. ஓரிரு நாள் பொறுத்து மற்றொன்று. அப்போதுதான் எது ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது விளங்கும். ஒத்துக்கொள்ளாததை என்றென்றைக்கும் ஒதுக்கத் தேவையில்லை; சில கிழமை கழித்து மீண்டும் சிறிதளவு முயலலாம்.

உண்ணும் முறையும் மருந்தே. புரதமுள்ளதை முதலில் உண்ணவேண்டும். நாளொன்றுக்கு 60 கிராம் புரதமேனும் வேண்டும் என்பர் வைத்தியர். ஒரு கோழிமுட்டையில் இருப்பதோ ஏறத்தாழ 6 கிராம். சோற்றால் வயிற்றை நிரப்பினால் தசை உருகும், மயிர் உதிரும். ஒவ்வொரு வாயையும் இருபது முப்பது தடவை மெல்லவேண்டும். உண்ணும்போது நீர் பருகாமல், அரை மணி நேரம் கழித்தே பருகவேண்டும். நெஞ்சுக்குள் ஓர் அழுத்தம் தோன்றினால், அதுவே "போதும்" என்னும் குரல். அதற்குமேல் ஒரு பருக்கையும் கூடாது. பாயாசமும் சர்க்கரைப் பொங்கலும், மாற்றுவழிச் சிகிச்சை செய்தவருக்குச் சிறப்பாக, குடலுக்குள் சட்டென்று இறங்கிப் படபடப்பும் வியர்வையும் மயக்கமும் தரக்கூடும். சோடா வகைகளும் மதுவும் விலக்கத்தக்கவை. விற்றமின் மாத்திரைகளோ சில மாதங்களுக்கல்ல, ஆயுள் முழுவதற்கும் உரியவை.

எப்போது காத்திருக்கக் கூடாது

காய்ச்சல், நாடித்துடிப்பின் வேகம், வயிற்றிலோ இடது தோளிலோ கடும் வலி என்பன தையல் கசிவதன் அறிகுறிகளாகலாம். கெண்டைக்கால் வீங்கி வலிப்பதும் திடீரென மூச்சு வாங்குவதும் இரத்தம் உறைந்ததைக் காட்டலாம். மலம் கறுத்துப் போனால் உள்ளே குருதி கசியலாம். நீர்கூட ஒரு நாள் முழுவதும் தங்காவிட்டால், வாந்தி இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால், கண் இரட்டையாகத் தெரிந்தால், கால் விறைத்தால், நடை தள்ளாடினால், நாவூறு கழிப்பது பிறகு ஆகட்டும். வைத்தியசாலையே முதற் கடன். அங்கே வாய் திறந்து சொல்லவேண்டியதும் ஒன்றுண்டு: "இவருக்கு இரைப்பையிற் சத்திரசிகிச்சை நடந்தது, பல நாளாக வாந்தி, தயமின் கொடுக்க வேண்டுமா என்று பாருங்கள்." இச்சிகிச்சை செய்தவரை நாள்தோறும் காணாத வைத்தியருக்கு இந்த ஒரு வாக்கியம் பேருதவியாகும்.

வாந்தியை மறைப்பதே இதிற் பெருந்தீங்கு. என் மருமகள் பத்து நாளுக்கு மேல் எவரிடமும் முழுவதையும் சொல்லவில்லை. "இவ்வளவு செலவழித்துச் செய்துவிட்டு இப்போது நோய் என்று சொன்னால் ஏசுவார்கள்" என்பது அவள் அச்சம். பருத்தவரைப் பார்த்து நாம் சிரித்த சிரிப்பும், மெலியப் போனவரைப் பார்த்து "சோம்பேறி வழி" என்று சொன்ன சொல்லும் அந்த மௌனத்துக்குள் இருந்தன. உடற்பருமன் ஒழுக்கக்கேடு அன்று. பரம்பரையும் சுரப்புகளும் வாழ்க்கைச் சூழலும் சேர்ந்து விளைவிக்கும் நோய்நிலை அது. அதற்குச் சிகிச்சை தேடுபவர் வெட்கப்பட வேண்டிய காரணம் எதுவுமில்லை.

ஆசிரியர்களாயுள்ள வாசகருக்கு ஒரு விண்ணப்பம். ஊரிலே ஒருவர் வைத்தியசாலைத் தாளோடு திரும்பி வந்தால், அதை வாங்கி வாசித்து, அவர்கள் சமைக்கும் பானையின் மொழிக்கு மாற்றிக் கொடுங்கள். பின் வைத்தியரிடமோ தாதியிடமோ சரிபார்க்கச் செய்யுங்கள். எழுத்தறிவுக்கு இதனினும் நல்ல பயன் அரிது. உறவினர்க்கும் ஒரு சொல்: இலையை நிரப்பித்தான் அன்பைக் காட்டவேண்டும் என்பதில்லை. முள்ளை நீக்குவது அன்பு. மசித்துக் கொடுப்பது அன்பு. அரை மணி நேரம் அருகே அமர்ந்து, அவர் ஆறுதலாக மென்று முடிக்கும்வரை பேசிக்கொண்டிருப்பது அன்பு. "போதும்" என்று சொன்னதும் கையிலுள்ள அகப்பையைக் கீழே வைப்பது இவை எல்லாவற்றிலும் பெரிய அன்பு.